டென்னசி மாநிலக் கல்லூரியின் ஓட்ட வீராங்கனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டிகளைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள ஒரே கல்லூரியின் பெண்கள் அணி ஒலிம்பிக்கில் 23 பதக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி உடற்கல்வித் துறையில் வேலை பார்த்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான தபால் வேறென்ன இருக்க முடியும்? ஆகவே, இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த அணிக்கே ஒதுக்கிவிட்டேன்.

அது எந்தக் கல்லூரி? அந்த அணியில் இருந்தவர்கள் யார் யார்? விரிவாகச் சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, குழித்துறை

டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் என்பது இன்றைய பெயர். கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் கல்லூரிகளில் கால் வைக்க முடியாதிருந்த காலத்தில், அவர்களுக்கென்று 1912-ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் அது. அந்தக் கல்லூரியின் விளையாட்டு அணிகளுக்குப் புலிகள் என்று பெயர். அதையொட்டி அதன் பெண்கள் தடகள அணியை ‘டைகர்பெல்ஸ்’ என்று அழைத்தார்கள். எட் டெம்பிள் என்ற பயிற்சியாளர் 1950 முதல் 1994 வரை 44 ஆண்டுகள் அந்த அணியை வளர்த்தார். அவரிடம் பயின்ற 40 பேர் ஒலிம்பிக்கில் பங்கேற்றிருக்கிறார்கள். ஒரு நாட்டின் கணக்கன்று, ஒரு கல்லூரியின் கணக்கு என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த அணியின் கதையை மே ஃபாக்ஸ் என்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். 16 வயதில் 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும், 1952-ல் ஹெல்சின்கியிலும் ஓடி, அங்கே தொடர் ஓட்டத்தில் தங்கமும் வென்ற பிறகுதான் அவர் நாஷ்வில்லுக்குப் படிக்க வந்தார். பெரிய மேடை எப்படியிருக்கும் என்பதைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அக்கா அணிக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1956 நல்ல எடுத்துக்காட்டு. நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது அந்த ஆண்டின் நவம்பர் 1-ஆம் நாள். அதே மாதம் 22-ஆம் நாள் மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கியது. அதற்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத ஒல்லியான நெட்டைச் சிறுமி ஒருத்தி பயந்துபோய் நின்றபோது, மே ஃபாக்ஸ் அவளைத் தன்னோடு சேர்ந்தே ஓடிவரச் சொல்லி, கூட்டிக்கொண்டு போனார். அந்தச் சிறுமிதான் வில்மா ருடால்ஃப். மெல்போர்னில் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்காவுக்காக ஓடிய நால்வரும் (மே ஃபாக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், இசபெல் டேனியல்ஸ், வில்மா ருடால்ஃப்) டெம்பிளின் பயிற்சியில் இருந்தவர்கள். வெண்கலம் கிடைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து ரோமில் அதே வில்மா 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கங்களை வென்றார். 1964-ல் டோக்கியோவில் 100 மீட்டரில் வயோமியா டையஸ் தங்கமும் அவருடைய கல்லூரித் தோழி எடித் மெக்குவயர் வெள்ளியும் பெற, 200 மீட்டரில் எடித் தங்கம் வென்றார். 1968-ல் மெக்சிகோவில் டையஸ் மீண்டும் 100 மீட்டர் தங்கத்தைப் பெற்றார். 800 மீட்டரில் மேடலின் மேனிங் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். 1984-ல் லாஸ் ஏஞ்சலஸில் சாண்ட்ரா சீஸ்பரோ 400 மீட்டரில் வெள்ளி பெற்றதோடு, 4x100, 4x400 ஆகிய இரண்டு தொடர் ஓட்டங்களிலும் தங்கம் பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தொடர் ஓட்டத் தங்கங்களைப் பெற்ற முதல் பெண் அவர். டெம்பிள் ஓய்வுபெற்றபின் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவரும் சீஸ்பரோவே.

வில்மா ருடால்ஃப் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர் என்று படித்தேன். கேட்கச் சற்று மிகைப்படுத்திய கதைபோல் இருக்கிறதே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

மிகையன்று, ஐயா. 22 குழந்தைகள் இருந்த குடும்பத்தில் 20-ஆவது குழந்தை அவர். குறைமாதத்தில் பிறந்து, நிமோனியாவும் செங்காய்ச்சலும் வந்து, அதன்மேல் போலியோவும் தாக்கி, இடது கால் வலுவிழந்தது. அவர்கள் வாழ்ந்த கிளார்க்ஸ்வில் ஊரிலிருந்து, கறுப்பினத்தவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை இருந்த நாஷ்வில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற தூரம். வீட்டு வேலைக்குப் போய்ச் சம்பாதித்த தாய், வாரந்தோறும் குழந்தையைப் பேருந்தில், கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பின்னிருக்கையில்தான், அழைத்துப் போய்வந்தார். காலை எப்படி நீவிவிட வேண்டும் என்பதை மருத்துவமனையில் கற்றுக்கொண்டு வந்து வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அண்ணன்மாரும் அக்காமாரும் முறைவைத்து நாளுக்கு நான்கு தடவை அந்தக் காலை நீவிவிட்டார்கள். 12 வயதையொட்டித்தான் இரும்புப் பட்டையும் தனிக் காலணியும் இல்லாமல் வில்மாவால் இயல்பாக நடக்க முடிந்தது. 16 வயதில் ஒலிம்பிக் வெண்கலம். 20 வயதில் மூன்று தங்கம்.

எனினும், இந்தக் கதையைச் சொல்லும் பலரும் போலியோவிலிருந்து நேரே ரோமுக்குத் தாவிவிடுகிறார்கள் என்பது எனக்குள்ள குறை. இடையில் இருந்தது டெம்பிள் நடத்திய கோடைப் பயிற்சி முகாம். பள்ளிகளுக்கிடையேயான கூடைப்பந்துப் போட்டிக்கு நடுவராகப் போன டெம்பிள், அங்கே ஆடிக்கொண்டிருந்த வில்மாவின் காலோட்டத்தைக் கண்டு முகாமுக்கு அழைத்தார். முகாமில் நாளுக்கு மூன்று வேளை பயிற்சி. ஒருநாள் வில்மா அயர்ந்து தூங்கி 30 நிமிடம் தாமதமாக வந்தபோது, 30 சுற்று கூடுதலாக ஓடவைத்தாராம். மறுநாள் பயிற்சிக்கு 30 நிமிடம் முன்னதாகவே வில்மா மைதானத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இத்தனை பதக்கம் வாங்கிய கல்லூரியில் என்னென்ன வசதிகள் இருந்தன? நம் கல்லூரிகளில் அவை இல்லாததால்தான் நாம் பின்தங்குகிறோமா?
– உடற்கல்வி ஆசிரியை, தக்கலை

வசதி என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் அவர்கள் ஓடியது கோடுகூடப் போடாத, குண்டும் குழியுமான ஒரு மண் தடத்தில். டெம்பிளின் தொடக்க ஊதியம் மாதம் 150 டாலர். அதற்குக் கல்லூரி வளாகத்துத் தபால் நிலையத்தையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சமூகவியல் பாடமும் நடத்தினார். பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை என்ற ஒன்றே அன்று கிடையாது. கல்லூரிகளில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டமே 1972-ல்தான் வந்தது. ஆகவே அந்த வீராங்கனைகள் தினமும் இரண்டு மணி நேரம் கல்லூரி வளாகத்தில் ஏதேனும் வேலை செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள்.

வெளியூர்ப் போட்டிக்குப் போகும் விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. டெம்பிளே காரை ஓட்டிக்கொண்டு போவார். தென்மாநிலச் சாலைகளில் கறுப்பினத்தவரை உணவகத்துக்குள் விடமாட்டார்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறையையும் திறந்துவிடமாட்டார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பி, வழியில் புதர் மறைவாக வண்டியை நிறுத்தி, பெண்பிள்ளைகளைக் காட்டுப்பக்கம் போய்வரச் சொல்லி, மீண்டும் வண்டியேறி, இறங்கிய இடத்தில் ஓடி வென்றுவிட்டு, அதே வழியே பட்டினியும் களைப்புமாகத் திரும்பியிருக்கிறார்கள். நாட்டின் கொடியை மார்பில் அணிந்து ஓடிய பெண்களுக்கு நாட்டுக்குள் நடந்தது இது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வசதி வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். செயற்கைத் தடமும் ஸ்பைக்ஸ் என்கிற நல்ல ஆணிக் காலணிகளும் பெண்பிள்ளைகளுக்குப் பூட்டும் கதவுமுள்ள உடைமாற்றும் அறையும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். ஆனால் டெம்பிளின் அணியை மற்ற அணிகளிலிருந்து வேறுபடுத்தியது வேறொன்று. அங்கே ஒரு தலைமுறை போகுமுன் அடுத்த தலைமுறை முகாமுக்குள் வந்துவிட்டிருந்தது. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கோடையில் அழைத்து, கல்லூரிப் பெண்களுக்குப் பக்கத்திலேயே தங்கவைத்து, அவர்களோடு ஓடவிட்டார். ஜார்ஜியா மாநிலத்தில் பால் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகளான டையஸ், தந்தையை இழந்த துயரத்தோடு 15 வயதில் நாஷ்வில் அணியை அறிந்துகொண்டது இப்படித்தான். நம் கல்லூரிகளில் நல்ல ஓட்டக்காரி ஒருத்தி மூன்றாண்டு படித்து வெளியேறினால், அவளுடைய ஸ்பைக்ஸோடு அவள் கற்ற அத்தனையும் வீட்டுக்குப் போய்விடுகிறது. கோடை விடுமுறையில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கல்லூரி மைதானத்துக்கு அழைப்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை. உங்களைப் போன்ற ஆசிரியைகள் கேட்டால் கல்லூரிகள் மறுக்காது என்றே நம்புகிறேன்.

100 மீட்டர் தங்கத்தை அடுத்தடுத்து இரண்டு முறை வென்றவர் கார்ல் லூயிஸ்தானே?
– வாசகர், மார்த்தாண்டம்

அவருக்கு 20 ஆண்டுகள் முன்பே வயோமியா டையஸ் அதைச் செய்துவிட்டார். 1964, 1968 என இரண்டு ஒலிம்பிக்கிலும் 100 மீட்டரில் வென்றவர் அவர். ஆண், பெண் இருபாலரிலும் முதலாமவர். மெக்சிகோவில் அது உலக சாதனையும்கூட. லூயிஸ் 1988-ல் சமன் செய்தார். சாதனையின் அளவுக்கு டையஸின் பெயர் பேசப்படவில்லை என்பது உண்மை.

நம் பி.டி. உஷா இவர்களோடு ஓடியிருக்கிறாரா?
– இல்லத்தரசி, பூதப்பாண்டி

ஓடியிருக்கிறார், அம்மா. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்து, 55.42 நொடியில் நான்காவதாக வந்ததை நாம் அனைவரும் அறிவோம். அதே ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் தொடர் ஓட்ட இறுதிப் போட்டியில் உஷா, வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆகியோர் அடங்கிய இந்திய அணி ஏழாவதாக வந்தது. அந்த ஓட்டத்தில் அமெரிக்காவுக்காகக் கடைசிச் சுற்றை ஓடித் தங்கத்தை உறுதிசெய்தவர்தான் நான் மேலே சொன்ன சீஸ்பரோ. ரோமிலும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. வில்மா மூன்று தங்கம் வென்ற அதே நாள்களில், அதே மைதானத்தில்தான் மில்கா சிங் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார்.

ரோமிலிருந்து திரும்பியபின் வில்மாவுக்கு ஊரில் வரவேற்பு கொடுத்தார்களா?
– கல்லூரி மாணவர், சுங்கான்கடை

கொடுத்தார்கள், ஆனால் அவர் தன் நிபந்தனையின் பேரிலேயே அதை ஏற்றுக்கொண்டார். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனியாக நடப்பதுதான் கிளார்க்ஸ்வில் ஊரின் வழக்கம். அப்படிப் பிரித்து நடத்தினால் வரமாட்டேன் என்று 20 வயதுப் பெண் சொல்லிவிட்டாள். 1960 அக்டோபரில் நடந்த அந்த ஊர்வலமும் விருந்தும் அவ்வூரில் இரு இனத்தவரும் ஒன்றாகக் கூடிய முதல் நிகழ்ச்சிகள். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி 1859-ல் உரிமை பெற்ற மண்ணில் வாழும் நமக்கு, வில்மா சொன்ன அந்தச் சொல்லின் கனம் விளக்காமலே புரியும்.

ஐயா, என் மகள் 200 மீட்டரில் மாவட்ட அளவில் முதலாவதாக வந்திருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்தபின் ஓட்டத்தைத் தொடர வேண்டும் என்கிறாள். படிப்பு கெட்டுவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, அருமனை

தங்கள் பயம் நியாயமானது. எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் நம்முடையது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகிற ஒரு தந்தை, மகளின் பட்டத்தை எண்ணிப் பயப்படாமல் இருந்தால்தான் வியப்பு.

டெம்பிளுக்கும் இதே பயம் இருந்தது. அதனால்தான் அவர் படிப்பை முதலில் வைத்தார். ஓட்டம் சில ஆண்டுகளில் முடிந்துவிடும், பட்டம் கடைசிவரை கூடவரும் என்பதை அணிக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னார். அவருடைய 40 ஒலிம்பிக் வீராங்கனைகளில் 39 பேர் பட்டம் பெற்றார்கள். என்னைக் கேட்டால் 23 பதக்கத்தைவிட இந்த 39 என்ற எண்தான் அந்தக் கல்லூரியின் பெரிய சாதனை. மே ஃபாக்ஸ் ஆசிரியை ஆனார். எடித் மெக்குவயர் ஆசிரியை ஆனார். வில்மா 1962-ல் ஓட்டத்திலிருந்து விலகி, 1963-ல் தொடக்கக் கல்வியில் பட்டம் பெற்று, தன் ஊரில் தான் சிறுவயதில் படித்த பள்ளிக்கே ஆசிரியையாகப் போனார்.

இதை நான் எளிதாக எழுதிவிடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவி பல்கலைக்கழக அளவில் இரண்டு முறை முதலாவதாக வந்தாள். போட்டிக்குப் போன நாள்களுக்கு வருகைப்பதிவு வாங்கித் தந்தேன். விட்டுப்போன பாடத்தை யார் நடத்தினார்கள் என்று கேட்க மறந்தேன். இறுதியாண்டில் அவளுக்கு ஐந்து அரியர். பட்டம் வாங்காமலே திருமணமாகிப் போனாள். அவளுடைய கோப்பைகள் அந்தக் கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அது என் தவறு. அந்தப் பிள்ளையின் தவறன்று.

ஆகவே, மகளை ஓட விடுங்கள். ஆனால் கல்லூரியில் சேர்க்கும்போது உடற்கல்வி இயக்குநரை நேரில் பார்த்து, போட்டிக்குப் போகும் நாள்களில் விட்டுப்போகும் பாடத்துக்கு என்ன ஏற்பாடு, அரியர் வைத்த பிள்ளைகளை என்ன செய்கிறீர்கள், சென்ற மூன்றாண்டுகளில் உங்கள் அணியில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம்.

நாங்கள் பள்ளி ரிலே அணியில் ஓடுகிறோம். எங்கள் நால்வரைவிடத் தனித்தனியே வேகமானவர்கள் அடுத்த பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களை வெல்ல முடியுமா? டைகர்பெல்ஸ் எப்படி வென்றார்கள்?
– பிளஸ் ஒன் மாணவி, குளச்சல்

பிள்ளை ஒருத்தியாக இருந்தாலும் ‘மக்களே’ என்று கூப்பிடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அந்த உரிமையோடு சொல்கிறேன், மக்களே, முடியும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1960-ல் பெண்கள் 100 மீட்டர் உலக சாதனை 11.3 நொடி, ரோமின் அரையிறுதியில் வில்மா அதைச் சமன் செய்தார். (இறுதிப் போட்டியில் அவர் 11.0 நொடியில் ஓடியும், பின்காற்று அளவுக்கு மேல் வீசியதால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை.) அதே ரோமில் மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், வில்மா ஆகிய நால்வரும், நால்வருமே டைகர்பெல்ஸ், தொடர் ஓட்ட அரையிறுதியில் 44.4 நொடியில் உலக சாதனை படைத்தார்கள். நான்கால் வகுத்தால் தலைக்கு 11.1 நொடி வருகிறது. அப்படியானால் உலகின் மிக வேகமான பெண்ணின் சாதனையைவிட, அந்த நால்வரின் சராசரி குறைவு! முதலாமவரைத் தவிர மற்ற மூவரும் நின்ற நிலையிலிருந்து புறப்படாமல், ஓடிக்கொண்டே பேட்டனை (கைமாற்றும் குச்சியை) வாங்குவதால்தான் இது நடக்கிறது. தனித்தனியே வேகமான நால்வரை ஒரே கல்லூரியில் ஆண்டுக்கணக்காகப் பழகிய நால்வர் வெல்வது இந்த இடத்தில்தான். இறுதிப் போட்டியில் கடைசி ஓட்டக்காரியான வில்மாவுக்குப் பேட்டன் சரியாக வந்து சேரவில்லை. கிட்டத்தட்ட நழுவியதைப் பிடித்துக்கொண்டு, முன்னே போய்விட்ட ஜெர்மனி வீராங்கனையைத் துரத்திப் பிடித்து வென்றார். எல்லா அணியிலும் ஒரு வில்மா இருக்கமாட்டார். ஆகவே நாம் நழுவவிடாமல் இருக்கக் கற்றுக்கொள்வோம்.

வாங்குகிறவள் தன் புறப்படும் இடத்தில் நின்றுகொண்டு, கொடுக்கிறவள் வரும் திசையில் 20 காலடி (ஒரு பாதத்தோடு மறுபாதத்தை ஒட்டவைத்து) பின்னே அளந்து ஓர் அடையாளம் வைக்க வேண்டும். இடவப்பாதி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் நம் மண் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு நிற்பதில்லை. ஒட்டு நாடாவும் ஒட்டாது. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை மண்ணோடு மட்டமாகப் பதித்து அடையாளமாகப் பயன்படுத்துங்கள். கொடுக்கிறவளின் கால் அந்தத் துண்டைத் தாண்டிய கணத்தில் வாங்குகிறவள் முழுவேகத்தில் புறப்பட வேண்டும். அதன்பின் திரும்பிப் பார்க்கவே கூடாது. கொடுக்கிறவள் எட்டும் தூரத்துக்கு வந்ததும் ‘இந்தா’ என்று ஒரே சொல் சொல்ல, வாங்குகிறவள் கையைப் பின்னுக்கு நீட்டி அசையாமல் வைத்திருக்க வேண்டும். முதலாமவள் வலக்கையில் பிடித்துத் தொடங்கினால், இரண்டாமவள் இடக்கையிலும் மூன்றாமவள் வலக்கையிலும் நான்காமவள் இடக்கையிலும் வாங்குவீர்கள். யாரும் கை மாற்றவேண்டியதில்லை. எட்டிப்பிடிக்க முடியாமல் போனால் அடையாளத்தை ஒரு காலடி முன்னே நகர்த்துங்கள்; முட்டிக்கொண்டால் ஒரு காலடி பின்னே. கைமாற்றும் பகுதி இன்று 30 மீட்டர். ரோமில் 20 மீட்டர்தான் இருந்தது. அந்த முப்பதின் கடைசிப் பத்து மீட்டருக்குள், இருவரும் முழுவேகத்தில் இருக்கும்போது, பேட்டன் கைமாற வேண்டும்.

பேட்டன் கிடைக்காவிட்டால் ஓர் அடி நீளத்துக்கு மழமழவென்று ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். நால்வருடைய தனித்தனி 100 மீட்டர் நேரங்களையும் கூட்டி எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிலே நேரத்தை அதன் பக்கத்தில் குறியுங்கள். கூட்டுத்தொகையைவிட ரிலே நேரம் இரண்டு நொடி குறையும்வரை விடாதீர்கள். குறைந்ததும் எனக்கு எழுதுங்கள். மூன்று கைமாற்றத்துக்கும் ஓட்டுத் துண்டை எத்தனையாவது காலடியில் பதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.